காதரினின் துப்பும் நகைச்சுவையும்

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1817ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்தது 'நார்த்தாங்கர் அபி' என்னும் அவர்தம் நாவல். அதன் தலைவி காதரின் பதினேழு அகவையினள். 1794இல் ஆன் ராட்கிளிஃப் வெளியிட்ட 'உடால்போவின் மறைபொருள்கள்' முதலிய அச்சக் கதைகளில் ஆழ்ந்தவள். முன்பு துறவியர் இல்லமாயிருந்த, படைத்தலைவர் டில்னியின் மனைக்கு விருந்தினளாகச் செல்லும் அவள், காண்பன யாவற்றையும் அக்கதைகளின் வழியே காண்கிறாள்.

முதல் இரவில், அறையிலிருந்த அலமாரியில் தாட்சுருள் ஒன்று கிடைக்கிறது. விளக்கு அணைந்துவிட, இரவெல்லாம் நடுங்குகிறாள். விடிந்து பார்த்தால் அது சலவைக் கணக்கு! பின்னர், டில்னி இறந்த மனைவியின் படத்தைத் தம் அறையில் மாட்டவில்லை, அவ்வம்மையார் விரும்பிய பாதையில் உலவுவதில்லை என்பவற்றைச் சான்றாக அடுக்கி, அவர் மனைவியைக் கொன்றார், அன்றேல் சிறைவைத்துள்ளார் என முடிவுகட்டுகிறாள். அம்மையாரின் அறைக்குள் மறைவாக நுழைந்தவள் காண்பதோ தூய படுக்கையும் வெயில் பாயும் சாளரங்களுமே. தாய் நோயுற்று இறந்ததை மகன் ஹென்றி எடுத்துரைக்க, நாணி அழுகிறாள்.

இந்நகை எவ்வகைத்து? எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினை நகைக்கு நிலைக்களனாகக் கூறுவர் தொல்காப்பியர். அறிவின்மை பேதைமை என்றும், பிறர் அறிவுறுத்தியதைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல் மடன் என்றும் உரையாளர் வேறுபடுத்துவர். காதரினிடம் நகை பிறப்பது மடனால் என்க. அவள் கண்டவை பொய்யல்ல. கண்டவற்றுக்குப் பொருள்காணக் கொண்ட கருவியே பிழை.

அச்சக் கதையை நகையாடும் இப்பகுதி, நாவலின் முடிவோடு ஒட்டவில்லை என்பாரும் உளர். அது பொருந்தாது. காதரின் பெருஞ்செல்வி எனத் தார்ப் என்பான் கூறியதை நம்பியே டில்னி அவளை அழைத்தார். அவள் வறியவள் என அவனே மாற்றிக் கூறியபோது, அதனையும் ஆராயாது நம்பித் துரத்தினார். எனவே, பிறர் சொல்லைப் பற்றிக்கொண்டவர் அவருமே. அவள் பிழை அவளை நாணச்செய்தது. அவர் பிழையோ குற்றமற்ற பெண்ணை எழுபது கல் தொலைவு துணையின்றிச் செல்லவிட்டது. டில்னி கொலைஞர் அல்லர், ஆயினும் கொடியவரே. சான்றினைப் பிழைபடக் கொண்ட பெண், மனிதரை முற்றும் பிழைபட உணரவில்லை.

ஏட்டில் உள்ளதை விடுத்துத் தாம் விழைந்ததையே படிக்கும் ஆராய்ச்சியாளர்க்கும் அச்சலவைக் கணக்கு நினைவிற் கொள்ளத்தக்கது.