விடுபட்ட மதிப்பும் வினவல் மொழிபெயர்ப்பும்: ஆர் மென்பொருளைத் தரவுத்தளத்துடன் நேரடியாக இணைத்தல் குறித்த ஒரு திறனாய்வு

எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுநிலைக் கோட்பாட்டில் அட்டவணை என்பது ஒரு கணம். அதன் நிரைகளுக்கு வரிசைமுறை கிடையாது. ஆர் மொழியின் தரவுச்சட்டகமோ நிரைகளை எண்ணிட்டு ஆள்வது. இவ்விரண்டையும் இணைக்கும் டிபிபிளையர் தொகுப்பு, ஆய்வாளர் எழுதும் ஆர் கட்டளைகளை எஸ்.கியூ.எல். வினவலாக மொழிபெயர்த்துத் தரவுத்தளத்திடமே கணக்கீட்டை ஒப்படைக்கிறது. முடிவு வேண்டப்படும்வரை வினவல் அனுப்பப்படுவதில்லை. நினைவகத்தில் அடங்காத பெருந்தரவை ஆள்வதற்கும், ஒரே தரவுக்குப் பல கோப்புப் படிகள் பெருகுவதைத் தவிர்ப்பதற்கும் இது உதவுகிறது. இப்பயன் மறுக்கத்தக்கதன்று.

ஆயினும், ஒரே கட்டளை இரண்டிடத்தும் ஒரே விடையைத் தரும் என்ற நம்பிக்கை ஆய்வுக்குரியது. ஐந்து மாணவர்களின் மதிப்பெண்கள் 60, 70, 80, 90 எனவும் ஒன்று விடுபட்டும் இருப்பதாகக் கொள்வோம். ஆர் மொழியின் சராசரிச் சார்பு, விடுபட்டதை நீக்குமாறு வெளிப்படையாகக் கூறாதவரை, ‘விடுபாடு’ என்றே விடையளிக்கும். எஸ்.கியூ.எல். வெற்று மதிப்பைத் தானே விலக்கி 75 என்னும். முன்னது ஆய்வாளரை முடிவெடுக்கச் சொல்கிறது. பின்னது அம்முடிவை அவருக்காகத் தானே எடுத்துவிடுகிறது. தேர்வுக்கு வராதவரைக் கணக்கில் கொள்வதா என்பது கல்வியியல் ஆய்வில் முறையியல் வினா. அதற்கான விடை இங்குக் கருவியின் இயல்பிலேயே கரைந்துபோகிறது. தொகுப்பு இதுபற்றி எச்சரிக்கை தருவது உண்மையே. எனினும் ஒவ்வொரு முறையும் அது தோன்றுவதில்லை. (வடிகட்டும் கட்டளையில் இம்முரண் இல்லை. டிபிளையரும் எஸ்.கியூ.எல். மொழியும் விடுபட்ட நிரைகளை ஒருங்கே விலக்குகின்றன. இவ்வொற்றுமையே பயனரை அயரச் செய்கிறது எனலாம்.)

வகுத்தலில் முரண் இன்னும் வெளிப்படையானது. தேர்ச்சி பெற்றோர் 45, எழுதியோர் 60 என இரு முழுவெண் நிரல்கள் இருப்பின் ஆர் 0.75 என்னும், போஸ்ட்கிரெஸ், எஸ்.கியூ.லைட் ஆகியன 0 என்னும், மைஎஸ்கியூஎல் 0.75 என்னும். ஆக, விடை தரவைப் பொறுத்து மட்டுமன்றித் தரவுத்தளத்தின் பெயரைப் பொறுத்தும் மாறுகிறது.

மற்றொன்று, நேரடி இணைப்பு இயங்குநிலைத் தரவைத் தொடுகிறது. இன்று பெற்ற அட்டவணை அடுத்த மாதம் அதே கட்டளைக்குக் கிடைக்காமற் போகலாம். எனவே ஆய்வேட்டில் ஆர் நிரலை மட்டும் இணைப்பது போதாது. மொழிபெயர்க்கப்பட்ட வினவலும், தரவுத்தளத்தின் பெயரும் பதிப்பும், தரவு பெறப்பட்ட நாளும், அந்நாளைய தரவின் உறைநிலைப் படியும் உடன் அமைதல் வேண்டும். வினவலைக் காட்டும் கட்டளை தொகுப்பிலேயே உள்ளது. அதற்கு ஒரு வரி போதும்.