தந்தையின் சிறையும் மகனின் நியாயமும்
இந்திரா பார்த்தசாரதியின் 'ஔரங்கசீப்' நாடகத்தை முன்வைத்து

இந்திரா பார்த்தசாரதி 1970-களில் எழுதிய 'ஔரங்கசீப்' நாடகத்தை வாசித்த நம்மவர்களிடம் இருவகையான எதிர்வினைகளைக் கண்டிருக்கிறேன். அதிகார வெறியைக் காட்ட ஓர் ஆசிரியருக்கு இந்தப் பேரரசர்தான் கிடைத்தாரா என்று வருந்துவோர் ஒரு சாரார். நாடகத்திற்கும் வரலாற்றிற்கும் உள்ள வேறுபாடுகளைப் பட்டியலிடுவோர் மறுசாரார். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும் இருசாராரின் கண்ணும் பேரரசரின் மீதே நிலைத்திருப்பதால், ஆக்ரா கோட்டையில் பூட்டப்பட்டிருக்கும் முதியவரை எவரும் நின்று பார்ப்பதில்லை. நாடகத்தின் உயிர் அந்த முதியவரிடம் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆசிரியர் தஞ்சைத் தரணிக்கு அந்நியர் அல்லர். 1930-இல் பிறந்த அவர் வளர்ந்ததும் பயின்றதும் கும்பகோணத்தில். பின்னர் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். கீழவெண்மணிப் படுகொலையைப் பின்னணியாகக் கொண்ட 'குருதிப்புனல்' நாவலுக்காக 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 'இராமாநுஜர்' நாடகம் அவருக்கு சரஸ்வதி சம்மானைப் பெற்றுத் தந்தது. 'ஔரங்கசீப்' ஷாஹித் அன்வரின் மொழியாக்கத்தில், கே.எஸ். ராஜேந்திரனின் இயக்கத்தில் வடநாட்டு மேடைகளையும் கண்டது. தலைநகரில் வாழ்ந்துகொண்டு, அதிகாரம் ஒரே கையில் குவிந்துகொண்டிருந்த ஒரு பத்தாண்டில் முகலாய அரண்மனையைப் பற்றி எழுதியவர், பழங்கதை சொல்வதற்காக மட்டும் எழுதியிருக்க முடியாது.

வரலாற்றுச் செய்திகளைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1657 செப்டம்பரில் ஷாஜஹான் கடும் நோயுற்றார். மூத்த மகன் தாரா ஷிகோஹ் அருகிலிருந்து ஆட்சிப் பணிகளைக் கவனித்தார். மற்ற மூன்று மகன்களும் படைதிரட்டினர். பேரரசர் நலம் பெற்றுவிட்டார் என்ற செய்தி வந்த பின்னரும் அப்படைகள் திரும்பவில்லை. 1658 மே இறுதியில் சாமுகர் போரில் தாரா தோற்றார். ஆக்ரா கோட்டையைப் பீரங்கியால் எளிதில் பிடிக்க இயலாத நிலையில், யமுனையிலிருந்து கோட்டைக்குச் செல்லும் நீர்வழி மறிக்கப்பட்டது. கோடையின் நடுவில், கோட்டைக்குள் இருந்த கிணறுகளின் உவர்நீரைக் குடிக்கும் நிலைக்கு வந்த முதியவர் சில நாட்களில் கதவுகளைத் திறந்துவிட்டார். அதன்பின் 1666-இல் மரணிக்கும்வரை, ஏறத்தாழ எட்டாண்டுகள், அவர் அக்கோட்டையை விட்டு வெளியேறவில்லை. மகள் ஜஹானாரா தாமே விரும்பி உடனிருந்து பணிவிடை செய்தார்.

மேட்டூரில் நீர் நிறுத்தப்பட்டால் கடைமடையில் என்ன நேரும் என்பதை அறிந்த நம் பகுதி வாசகர்களுக்கு, நீரை மறித்து ஒருவரைப் பணியவைப்பதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இங்கே மார்க்கக் கல்வி பயின்றோர் கூர்ந்து நோக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. தந்தை உயிருடன் இருக்கையில் மகனின் பெயரால் குத்பா ஓதுவது கூடாது என்று தலைமைக் காழி மறுத்துவிட்டார். அப்போது குஜராத்தைச் சேர்ந்த ஷைகு அப்துல் வஹ்ஹாப் என்ற அறிஞர் ஒரு வழி கூறினார்: ஷாஜஹான் நோயினாலும் மூப்பினாலும் ஆளும் ஆற்றலை இழந்துவிட்டார், எனவே அரியணை வெறுமையாகவே உள்ளது. இந்தத் தீர்ப்பு ஏற்கப்பட்டது. அதைச் சொன்னவரே தலைமைக் காழியாகவும் ஆனார். மக்காவின் ஷரீஃபோ, தந்தை உயிருடன் இருப்பதைக் காரணம் காட்டி, புதிய பேரரசரின் காணிக்கைகளைத் தொடக்கத்தில் ஏற்க மறுத்தார் என்பதும் வரலாறு.

ஒரு மனிதரின் உரிமை இங்கே வாளால் மட்டும் பறிக்கப்படவில்லை. 'இவரால் இனி இயலாது' என்ற ஒரு சொல்லே அதற்குச் சட்டத்தின் ஆடையைப் போர்த்தியது. அச்சொல்லைக் கூறியவர் முதியவரை நேரில் சோதித்தறிந்தார் என்பதற்கோ, முதியவருக்கு மறுமொழி கூற வாய்ப்பளிக்கப்பட்டது என்பதற்கோ நான் வாசித்த வரலாறுகளில் சான்று காணவில்லை.

ஃபிக்ஹுக் கலையில் இதற்கு நேரான ஓர் இயல் உண்டு. அதன் பெயர் 'ஹஜ்ர்', அதாவது ஒருவரின் சொல்லும் செயலும் சட்டத்தில் செல்லாதவாறு தடைசெய்தல். சிறுவர், புத்தி பேதலித்தவர் ஆகியோரின் பொருளைக் காக்க இத்தடை வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் புத்தியுள்ள, பருவமடைந்த ஒருவர் தம் செல்வத்தை ஊதாரித்தனமாகச் செலவிட்டால் அவரைத் தடுக்கலாமா? இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும், ஹனஃபி மத்ஹபின் இரு பெரும் மாணவர்களான அபூ யூஸுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகியோரும் தடுக்கலாம் என்றனர். ஆசிரியராகிய இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) மட்டும் மறுத்தார். ஒருவரின் பொருள் வீணாவதைக் காட்டிலும் அவருடைய மனிதத்தன்மையே பறிபோவது பெருந்தீங்கு என்பது ஹனஃபி நூல்களில் அவர் சார்பில் கூறப்படும் வாதம். ஆட்சித்துறை பற்றி எழுதிய இமாம் மாவர்தீ (ரஹ்), தலைவரைச் சூழ்ந்திருப்போர் அவரை முடக்கிவைத்து அவர் பெயரில் ஆளும் நிலையையும், அவர் சிறைப்படும் நிலையையும் தனித்தனியே ஆராய்கிறார். சிறைப்பட்டவரை மீட்பது சமுதாயத்தின் கடமை என்பது அவருடைய முடிவு.

'ஃபத்தாவா ஆலம்கீரி' என்னும் மாபெரும் ஹனஃபி தொகுப்பு ஔரங்கசீபின் ஆணையால் உருவானது. அதிலும் ஹஜ்ரைப் பற்றிய இயல் இருக்கிறது. மாணவர்களுக்கு அந்த இயலைப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஆக்ராவின் முதியவர் என் நினைவுக்கு வருகிறார்.

இனி நாடகத்திற்கு வருவோம். ஆசிரியர் ஷாஜஹானைப் புனிதராக ஆக்கவில்லை என்பதே நாடகத்தின் முதன்மையான வெற்றி. இவர் கடந்த காலத்தில் வாழ்பவர். தாஜ்மஹாலுக்கு எதிரே கருஞ்சலவைக்கல்லில் மற்றொரு மாளிகை எழுப்பக் கனவு காண்பவர். வரலாற்றாய்வாளர்கள் அக்கறுப்பு மாளிகையை வெறும் கதை என்றே கொள்கின்றனர். நாடகத்திற்கோ அக்கதை பெரிதும் உதவுகிறது. பஞ்சத்தில் வாடும் குடிகளின் வரிப்பணத்தில் இன்னொரு மாளிகை வேண்டுமா என்று மகன் கேட்டால், பார்வையாளர்களாகிய நாம் மகனின் பக்கமே சாய்வோம். அவ்வாறு சாயவைத்துவிட்டு, நம் சம்மதத்தின் விளைவாக ஒரு முதியவர் அடைபடுவதைக் காணச் செய்கிறது நாடகம். அறிவுக்கு ஒவ்வாத ஆசை கொண்டவருக்கும் உரிமை உண்டா, நமக்கு உவப்பான முடிவுகளை எடுப்பவருக்கு மட்டும்தானா என்ற வினாவிலிருந்து அதன்பின் நாம் தப்ப இயலாது.

ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். லியர் தாமே நாட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றார். ஷாஜஹான் எதையும் கொடுக்காமலே கதவுக்கு உள்ளே பூட்டப்பட்டார். நம் ஊர்களில் இருவகைத் தந்தையரும் இருக்கின்றனர்.

நாடகத்தின் குறையையும் கூற வேண்டும். தாராவையும் ஔரங்கசீபையும் இரு கொள்கைகளின் உருவங்களாக நிறுத்தும்போது, ஒருவர் நல்லிணக்கத்தின் முகமாகவும் மற்றவர் ஒற்றை மதம், ஒற்றை மொழி என்ற முழக்கத்தின் குரலாகவும் சுருங்கிவிடுகின்றனர். ஔரங்கசீபின் ஆட்சியின் பிற்பகுதியில் உயர் மன்சப்தார்களிடையே இந்துக்களின் விகிதம் கூடியிருந்தது என்பதை எம். அதர் அலீ 1966-இல் வெளியிட்ட ஆய்வில் எண்களுடன் காட்டினார். அத்தகைய சிக்கலான மனிதர் மேடையில் இல்லை. இன்றைய அரசியல் சூழலில் அந்த ஒற்றைச் சித்திரம் எவருக்குப் பயன்படும் என்ற அச்சமும் பொய்யன்று.

ஆயினும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வரி, கோயில், போர் என ஒவ்வொரு குற்றச்சாட்டிலிருந்தும் அப்பேரரசரை நாம் விடுவித்துவிட்டதாகவே கொள்வோம். அப்போதும் தந்தையின் வழக்கு அப்படியே நிற்கும். அதற்கு விடை கூறும் பொறுப்பு மற்றவரைக் காட்டிலும் நமக்கே அதிகம். பெற்றோர் முதுமையடைந்தால் சலிப்பின் மிகச் சிறிய ஒலியைக்கூட அவர்கள் முன் எழுப்பலாகாது என்று 'பனூ இஸ்ராயீல்' அத்தியாயத்தில் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

இதை நான் பிறரைச் சுட்டும் விரலோடு எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஜும்ஆ தொழுகைக்குப் பின், எழுபதைக் கடந்த ஒரு விவசாயி என்னிடம் வந்தார். ஆறு மா நஞ்சையையும் குடியிருந்த வீட்டையும் மகனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மகன் வெளிநாட்டில் இருந்தார். அடிப்பதோ ஏசுவதோ இல்லை. வேளாவேளைக்குச் சோறும் மருந்தும் கிடைத்தன. ஆனால் பம்புசெட்டுக் கொட்டகையின் சாவி அவரிடம் இல்லை. வங்கிப் புத்தகம் மருமகனிடம் இருந்தது. சம்பாவுக்கு எந்த ரகம் விதைப்பது என்று அவரிடம் கேட்பார் இல்லை. வெளியூருக்குச் சென்று தங்கைப் பார்த்துவர விரும்பினால், 'இந்த வயசுல எதுக்கு அத்தா?' என்ற அன்பான சொல்லோடு கதவு அடைந்துவிடும். "ஹஜ்ரத், குடுத்ததத் திருப்பி வாங்க வழியிருக்கா?" என்று கேட்டார்.

ஷாஃபிஈ மத்ஹபில் தந்தை தம் பிள்ளைக்கு அளித்த ஹிபாவை, அது பிள்ளையின் உடைமையில் இருக்கும்வரை, திரும்பப் பெறலாம். ஹனஃபி மத்ஹபில் நெருங்கிய இரத்த உறவினருக்கு அளித்து ஒப்படைத்த ஹிபாவைத் திரும்பப் பெற இயலாது. அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் முன்னதே பெரிதும் வழக்கு. அவரோ உள்நாட்டு ஹனஃபி ஜமாஅத்தைச் சேர்ந்தவர். ஆகவே இயலாது என்றேன். சலாம் கூறிவிட்டுச் சென்றார். நூலின்படி என் விடை சரியானது. ஆனால் அவர் கேட்டது நிலத்தை மட்டும்தானா என்பதை நான் ஆராயவில்லை. ஓர் உண்மையான தீர்ப்பைக் கூறி ஒரு முதியவரை மீண்டும் உள்ளே அனுப்பிவிட்டேன் என்பது பிறகே உறைத்தது.

கூறியிருக்க வேண்டியவை பல இருந்தன. தேவையுள்ள பெற்றோரின் நஃபகா மகன்மீது கடமை என்பதில் மத்ஹபுகள் மாறுபடவில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன. பராமரிப்பதாகக் கூறிச் சொத்தைப் பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அந்த ஆவணத்தைச் செல்லாததாக்கவும் கோரலாம். ஆனால் அப்பிரிவு பராமரிப்பு நிபந்தனையோடு அளித்த சொத்துக்கே உரியது. அன்பை நம்பி நிபந்தனை எழுதாமல் கொடுத்தவர் அதை மெய்ப்பிக்கத் திணற நேரிடும். எனவே எழுதிக் கொடுப்பதற்கு முன்பே மார்க்க அறிஞரிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டு எழுதுமாறு மிம்பரில் நின்று அறிவுறுத்தியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

சோறும் மருந்தும் அளிப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பராமரிப்பின் பெயரால் நிகழும் பறிப்பு எங்கே சென்று முடியும் என்பதை நம் மாநிலம் ஒருமுறை கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் மாண்டனர். இறந்தோர் 28 பேர். குணம் பெறுவார்கள் என்று நம்பி அவர்களை விட்டுச் சென்றது குடும்பத்தார்தாம். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்ததோடு, ஒவ்வொருவருக்கும் தம் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் ஆற்றல் உண்டு என்ற அனுமானத்திலிருந்தே தொடங்குகிறது. இல்லை என்போரே அதை நிறுவ வேண்டும். ஆக்ராவின் முதியவருக்கு மறுக்கப்பட்டது இந்த அனுமானம்தான்.

ஆகவே இந்நாடகத்தை நம் கல்லூரிகள் ஒதுக்காமல் எடுத்தாள வேண்டும் என்பது என் பரிந்துரை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த பேராசிரியர் சே. இராமானுஜம், பழைய கிரேக்கத் துயர நாடகம் ஒன்றை நம் ஒப்பாரி மரபின் வழியே 'வெறியாட்ட'மாக்கி, பழைய பிரதியை நம் மண்ணின் குரலில் பேசவைக்க இயலும் என்று காட்டியிருக்கிறார். 'ஔரங்கசீப்'பை இங்கே மேடையேற்றுவோர் அரியணைச் சண்டையைச் சுருக்கி, கோட்டைக்குள் கழிந்த எட்டாண்டுகளை விரிக்கலாம். ஜஹானாரா தந்தைக்கு என்ன செய்தார் என்பதோடு, எதைச் செய்யுமுன் அவரைக் கேட்டார் என்பதையும் காட்டலாம். குத்பா ஓத மறுத்த காழிக்கும், வழி கண்டு கொடுத்த அறிஞருக்கும் ஒரு காட்சி அமைக்கலாம். பாத்திரங்களை ஏற்க ஆலிம் வகுப்பு மாணவர்களே பொருத்தமானவர்கள். நாளை அவர்களிடம்தான் முதியவர்கள் கேள்வியோடு வரப்போகிறார்கள்.

அந்த விவசாயியை மீண்டும் ஒருமுறை சந்தித்தேன். அப்போது அவர் எதையும் கேட்கவில்லை. நான்தான், இவ்வாண்டு சம்பாவுக்கு என்ன விதைத்தால் நன்றாக இருக்கும் என்று அவரிடம் கேட்டேன். அஸர் பாங்கு ஒலிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார்.