'ஃபேட் சிட்டி'யில் இளிவரல்

விளையாட்டைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் பெரும்பாலும் பெருமிதத்தையே நாடுவன. பயிற்சி, தடை, போட்டி, வெற்றி என்னும் வரிசையில் கதை விரைந்து செல்லும். தோல்வி நேரினும் அது வீரத்தின் மற்றொரு முகமாகவே காட்டப்பெறும். இம்மரபினின்று விலகி நிற்பது ஜான் ஹஸ்டன் இயக்கி 1972-இல் வெளிவந்த 'ஃபேட் சிட்டி' என்னும் அமெரிக்கப் படம். லெனார்டு கார்ட்னர் 1969-இல் வெளியிட்ட தம் நாவலைத் தாமே திரைக்கதையாக்கினார். கலிபோர்னியாவிலுள்ள ஸ்டாக்டன் நகரமே கதைக்களம். இப்படம் மெல்ல நடப்பதைக் குறையெனக் கருதுவாரும் உளர். அம்மென்னடையே பாத்திரங்களின் ஆழத்திற்குக் காரணம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தொல்காப்பியர் இளிவரல் என்னும் மெய்ப்பாட்டிற்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு நிலைக்களன்களைக் கூறினார். மென்மையை வறுமை எனக் கொள்ளும் உரையும் உண்டு. இந்நான்கும் மனிதன்மேல் சிறிது சிறிதாகப் படிவன. பெருமிதத்தை ஒரே குத்தில் காட்டிவிடலாம். இளிவரலைக் காட்டக் காலம் வேண்டும்.

தலைமைப் பாத்திரமாகிய பில்லி டல்லி முன்னாள் குத்துச்சண்டை வீரன்; வயதோ முப்பதளவே. உலகியலில் அஃது இளமை. அவன் தொழிலில் அதுவே மூப்பு. படத்தின் தொடக்கத்தில் அவன் சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு, மலிவான விடுதியறையில் தீக்குச்சி தேடுகின்றான், கிடைக்கவில்லை. கதை வளர்ச்சிக்கு இந்நிகழ்ச்சி வேண்டுவதன்று. ஆயினும், பின்னர் வயல்களில் நாட்கூலிக்கு உழைக்கும் அவன் வறுமையும் சோர்வும் இங்கேயே நமக்கு அறிமுகமாகின்றன.

அவனை எதிர்க்க வரும் லூசெரோவின் பாத்திரம் இன்னும் நுட்பமானது. அவன் துணையின்றிப் பேருந்தில் வந்து இறங்குகின்றான். போட்டிக்கு முன் அவன் சிறுநீரில் குருதி கலந்திருப்பதைக் காண்கின்றோம். அப்பிணியை நாம் அறிவோம்; டல்லி அறியான். ஆதலின் லூசெரோவின் வயிற்றில் டல்லி விடும் ஒவ்வொரு குத்தும் நம்மை மகிழ்விக்காமல் வருத்துகின்றது. வென்ற டல்லியோ, தான் வீழ்த்தப்பட்டானோ என்று வினவுகின்றான். வெற்றியை உணரும் ஆற்றலும் அவனிடம் எஞ்சவில்லை. அவன் கைக்கு வருவது 100 டாலர். தோற்ற லூசெரோ நேர்த்தியாக உடுத்திக்கொண்டு, வந்தவாறே தனியனாய் வெளியேறுகின்றான். மிகச் சில காட்சிகளில், பேச்சே இன்றி, ஒரு முழுமனிதன் உருவாகிவிடுகின்றான்.

குறையும் இல்லாமல் இல்லை. இளம்வீரன் எர்னியின் மனைவி ஃபே போதிய விரிவு பெறவில்லை. அவள் எர்னியின் வாழ்க்கைத் திருப்பத்திற்குக் கருவியாகவே நின்றுவிடுகின்றாள்.

இறுதிக்காட்சியில் டல்லியும் எர்னியும் காப்பி அருந்துகின்றனர். காப்பி தந்த முதியவரைக் கண்டு, இவரும் ஒருகாலத்தில் இளைஞராய் இருந்திருப்பாரோ என டல்லி ஐயுறுகின்றான். பிறகு திரும்பி நோக்குகின்றான், ஒலிகள் அடங்குகின்றன. எழ முயலும் எர்னியைச் சற்று இருக்குமாறு வேண்டுகின்றான். எர்னி இருக்கின்றான், ஆயினும் இருவர்க்கும் பேச ஒன்றுமில்லை. மூப்பைப் பிறரிடம் கண்ட டல்லி, அதைத் தன்னிடமும் காணும் இடம் இது. முன்னைய மெதுவான காட்சிகள் இல்லையேல் இம்மௌனம் வெறும் வெற்றிடமாய் முடிந்திருக்கும்.

எனவே, ஒரு படைப்பின் நடை விரைவா மெதுவா என வினவுவதினும், அது கொண்ட மெய்ப்பாட்டிற்கு அந்நடை பொருந்துமா என வினவுவதே திறனாய்வு முறையாகும்.