சுருட்டும் விளக்கும்

1941-ல் கனடாவின் யூஸுப் கார்ஷ் எடுத்த சர்ச்சில் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டை அவர் பிடுங்கிய கதையைத்தான் சொல்லுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. முதல்நாள் மாலையே அந்த ஒட்டாவா அறையில் விளக்குகளை நிறுத்தி வைத்திருந்தாரே, அதுதான் விஷயம்.

பாஸ்டனில் கரோ என்ற குருவிடம் இயற்கை வெளிச்சத்தில் படம் பிடிக்கக் கற்றவர் கார்ஷ். மின்விளக்கின் ஜாலத்தைப் பிற்பாடு ஒட்டாவாவில், ஒரு நாடகக் குழுவின் மேடையில்தான் கண்டார். புதிதாக விளக்கைத் தொடுகிறவன் முகம் முழுவதையும் வெளுத்துவிடுவான். (நானும் ஒரு சமயம் என் மைத்துனரை அப்பளமாக்கியிருக்கிறேன்.) கார்ஷோ மேடையிலிருந்து இருட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டார், கைகளுக்கென்று தனியாக ஒளி கொடுத்தார்.

குறையும் அங்கேதான். மேடை அவரை விடவில்லை. யார் வந்து உட்கார்ந்தாலும் மகானாகிவிடுகிறார். 1957-ல் எடுத்த ஹெமிங்வே படத்தில் கம்பளிச் சட்டைகூடக் கவசம் போல் நிற்கிறது.