காற்றை அளக்கும் கோல்

சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் தீர்ப்புக் கூறுவது நம் அனைவருக்கும் வழக்கமாயினும், ஸ்பரிசத்தின் சாட்சியம் நம்பத்தக்கதன்று. குறுகிய டயர், சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்திலும் 100 பவுண்டிலும் விரலுக்கு ஒரே கடினமாகவே தோன்றும். ஆகையால், சட்டைப்பையில் பேனாவைப்போல் அடங்கும் சிறு அழுத்தமானியின்மேல் எனக்கு அபாரமான பிரியம். வால்வின் வாயில் பொருத்திய கணத்தில், உள்ளிருந்து பாயும் காற்று பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் சுருள்வில்லை நெருக்க, காற்றின் பலமும் வில்லின் எதிர்ப்பும் சமநிலை எய்தும் இடம்வரை எண்கள் பொறித்த கோல் வெளியே நகர்ந்து, கருவியை எடுத்த பின்னும் அங்கேயே நிலைத்து நிற்கிறது. முள் சுழலும் வட்டமுகக் கருவியோ, பிரான்சின் யூஜீன் பூர்தோன் 1849-இல் கண்ட உபாயத்தால் இயங்குவது: தட்டையாக்கி வளைத்த உலோகக் குழாய் அழுத்தம் ஏறஏறச் சற்றே நிமிர, அந்தச் சூக்ஷ்மமான அசைவைப் பற்சக்கரங்கள் பெருக்கிக் காட்டும். அழகில் அதுவே மேல். எனினும் வழிப்பயணத்துக்கு நான் கோலையே விரும்புவேன். வால்டியூப் மாட்டிய நம் பழைய சைக்கிள்களின் வால்வு, உட்புகுந்த காற்றை எளிதில் வெளிவிடாதாகையால், அவற்றில் இக்கருவி பயன்படாது. மற்றவற்றில், அளக்கும்போதெல்லாம் சிறிது காற்று நழுவுமாதலால், பம்பில் ஓரிரு பவுண்டு கூடுதலாக அடித்துக்கொள்வது உசிதம்.