அனுப்பப்படுவது ஆள் மட்டும்தானா?

ஊழியம் பெருக வேண்டுமானால் ஆட்களைப் பயிற்றுவித்து அனுப்ப வேண்டும் என்பதை எந்தச் சபையும் மறுக்காது. பயிற்சி முடித்தவர்களின் தொகையைக் கொண்டே இன்று பல ஊழியங்கள் தங்கள் வளர்ச்சியை அளக்கின்றன. திருநெல்வேலியில் தொடங்கித் தெலுங்குப் பகுதியின் தோர்னக்கல் வரை நீளும் மிஷன் வரலாறு வேறோர் அளவுகோலைத் தருகிறது: பயிற்சியோடு முடிவெடுக்கும் உரிமையும் கைமாறியதா?

சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனெரி சங்கத்தின் ஊழியராக 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், உள்ளூர் உபதேசியார்களைப் பயிற்றுவிப்பதையே தம் ஊழியத்தின் முதுகெலும்பாக்கினார். ஐரோப்பிய மிஷனெரி எப்போதோ ஒருமுறை எட்டிப்பார்க்கும் ஊரில் உபதேசியார் அன்றாடம் வாழ்ந்தார். பிள்ளைகளுக்கு எழுத்து கற்பித்தார், ஜெபம் நடத்தினார், வழக்குகளில் ஜனங்களுக்குத் துணை நின்றார். சபைகள் ஊர் ஊராகப் பரவியதற்கு இவர்களே காரணம். ஆயினும் இவர்களில் தகுதியானவர்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பது யார், எந்த முறைப்படி என்ற கேள்வி எழுந்தபோது, லுத்தரன் மரபில் வந்த ரேனியஸுக்கும் ஆங்கிலிக்கன் முறையை வற்புறுத்திய சி.எம்.எஸ். சங்கத்துக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் ஆங்கிலிக்கன் முறைகளை விமர்சித்து எழுதியதும் சேர்ந்துகொள்ள, 1835இல் உறவு முறிந்தது, சபைகள் பிளவுபட்டன. ஊரைத் தாங்கிய உபதேசியாருக்குத் திருவிருந்து நடத்தும் உரிமை இல்லை. அந்த உரிமையைத் தருவதா வேண்டாமா என்பதைத் தீர்மானித்ததும் அந்த ஊர் அல்ல.

1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தபோது நிலைமை மாறியது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஹைதராபாத் நிஜாமின் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்னக்கல், அந்தச் சங்கத்தின் பணித்தளமாயிற்று. 1909இல் ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பை விட்டு அசரியாவே அங்கே போனார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். இதனால் தெலுங்கு கிராமங்களுக்கான ஊழியரைத் தேர்வதும் பயிற்றுவிப்பதும் குருப்பட்டம் கொடுப்பதும் அந்த மண்ணிலேயே நடந்தன.

சங்கத்தை நடத்திய பணம் வந்த வழியும் முக்கியம். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, அதைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் வழக்கம் திருநெல்வேலிப் பெண்களிடம் இருந்தது. அந்த அரிசியை விற்ற காசு ஊழியத்துக்குப் போயிற்று. அசரியா இந்த வழக்கத்தைத் தோர்னக்கல் கிராமங்களிலும் வளர்த்தார். கொடுக்கிறவர்கள் ஏழைக் கூலிகள். தன் கைப்பிடி அரிசியில் வாழும் ஊழியரைக் கேள்வி கேட்கச் சபைக்கு உரிமை வருகிறது, ஊழியருக்கும் சபைக்குக் கணக்குச் சொல்லும் கடமை வருகிறது. இந்த முறையின் உண்மையான பலம் இதுதான்.

தோர்னக்கல் ஊழியத்தின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் பெற்றவர்களின் தொகை பெருகிய வேகத்துக்கு ஏற்பக் குருமார் கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் வயல் வேலை முடிந்து இரவில் கூட, கிராம ஆசிரியர் வேதக் கதையை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் திருவிருந்துக்கு அந்தச் சபை குருவானவரின் வரவை எதிர்பார்த்திருந்தது. சம்பள ஊழியரையே நம்பும் மிஷன் முறையை அக்காலத்தில் ஆங்கிலிக்கன் மிஷனெரியான ரோலண்ட் ஆலன் கடுமையாக எதிர்த்தார். சபைக்குள் ஏற்கெனவே மதிப்புப் பெற்றவர்களுக்கு, அவர்கள் தம் தொழிலில் இருந்தபடியே, குருப்பட்டம் கொடுக்கலாம் என்றார். இதில் நியாயம் உண்டு. அவருடைய வழியிலும் ஆபத்து இருக்கிறது: ஊரில் ஏற்கெனவே செல்வாக்குள்ளவரே சபையிலும் தலைவராகிவிடுவார். மாலர், மாதிகர் என்ற ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு இடையிலான பிரிவினை தோர்னக்கல் சபைக்குள்ளும் நுழைந்தது. உள்ளூர்த் தலைமை என்பதாலேயே அது நீதியான தலைமை ஆகிவிடாது. பெண்களின் நிலை இன்னும் மோசம். வீடு வீடாகப் போய் வேதம் சொல்ல அவர்களைப் பயிற்றுவித்த சபைகள், குருத்துவத்தின் வாசலை நெடுங்காலம் அடைத்தே வைத்திருந்தன.

இன்றைய குறுகியகாலப் பயிற்சிகள் இந்தப் பாடங்களைப் பொருட்படுத்துவதில்லை. சில வாரப் பயிற்சியும் ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்பப்படுகிற இளைஞரை அதன்பின் யார் விசாரிக்கிறார்கள்? அவர் தவறினால் திருத்துவது யார், சோர்ந்தால் தாங்குவது யார்? மேற்பார்வையே இல்லாமல் விடப்படுகிறவர் தனி ராஜ்யம் கட்டுகிறார், இல்லையென்றால் மனமுடைந்து திரும்புகிறார். மறுபக்கம், நூறு பேரை அனுப்பிய பிறகும் சொத்தும் கடைசி முடிவும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் ஊழியங்கள் உண்டு. அங்கே பெருகியிருப்பது வேலையாட்களின் தொகைதான்.

பயிற்றுவித்து அனுப்பும் முறையைக் கைவிட வேண்டியதில்லை. திருச்சபை வேரூன்ற இதைவிடச் சிறந்த வழி நம்மிடம் இல்லை. ஆனால் அதை முழுமையாகச் செய்ய வேண்டும். அனுப்பப்படுகிறவருக்குத் தீர்மானிக்கும் உரிமை வேண்டும். பணம் அவர் சேவிக்கும் சபையிலிருந்து வர வேண்டும், கணக்கு அந்தச் சபைக்கே போக வேண்டும். ஒதுக்கப்பட்ட சாதியாரும் பெண்களும் அந்த வரிசையில் முன்னால் நிற்க வேண்டும். அனுப்புகிறவர்களும் ஒருநாள் தங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தயாராக இருக்க வேண்டும். இதற்கு மனமில்லாத ஊழியம் எத்தனை பயிற்சி வகுப்புகள் நடத்தினாலும் தலைவர்களை உருவாக்காது.