தந்தது யார்?

ஜப்பானிய மொழியை நான் இரண்டு முறை விட்டிருக்கிறேன். முதல் முறை நான்கு மாதத்தில், அடுத்த முறை ஏழு மாதத்தில். இரண்டு முறையும் என் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று நம்பினேன். தானாக மொழி படிப்பவர்களுக்குக் கிடைக்கிற அறிவுரையெல்லாம் அப்படித்தான் நம்பச் சொல்கிறது. தினமும் உட்கார், ஒருநாள்கூட விடாதே, ஊக்கம் போனாலும் பழக்கம் இழுத்துக்கொண்டு போகும். மூன்றாவது முறை ஆரம்பித்து இப்போது இரண்டு வருடம் ஓடிவிட்டது. இடையில் நான் ஒன்றும் ஒழுக்கசீலனாக மாறிவிடவில்லை. காலையில் எழுந்திருப்பதெல்லாம் இன்னும் அதே லட்சணம்தான். பிறகு எது மாறியது? பழைய பாடப் புத்தகங்களைத் திரும்ப எடுத்து, விமர்சகன் ஒரு நாவலைப் படிப்பதுபோல வாசித்துப் பார்த்தேன். இந்தப் புத்தகம் யாரிடம் பேசுகிறது? அதன் மனதில் இருக்கும் வாசகர் யார்?

முதலில் 'கெங்கி'. 1999-இல் வந்து, 2020-இல் மூன்றாம் பதிப்பு கண்ட பாடநூல். இரண்டு பாகம், 23 பாடங்கள். அதில் வரும் மேரி அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குப் படிக்க வந்தவள். நல்ல புத்தகம், அதில் சந்தேகமில்லை. பயிற்சிகள் படிப்படியாக ஏறுகின்றன, உரையாடல்கள் உயிரோடு இருக்கின்றன. ஆனால் அதன் இலக்கண விளக்கங்கள் எல்லாம் மேரியின் தோளில் கைபோட்டுக்கொண்டு பேசுகின்றன. 'உன் மொழியில் இப்படி இருக்காது, பயப்படாதே' என்கிற தொனி. நான் மேரியின் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓர் உதாரணம். ஏழாவது பாடத்தில் 'தே இரு' என்கிற வினை வடிவம் வருகிறது. நடந்துகொண்டிருக்கும் செயலை அது குறிக்கும் என்று கற்றுக்கொள்கிறோம். அப்புறம் 'வா', 'போ', 'சா', 'கல்யாணம் செய்' போன்ற வினைகளில் அது நடந்து முடிந்த மாற்றத்தின் விளைவைக் குறிக்கும் என்று இன்னொரு விளக்கம் வருகிறது. 'கிதே இரு' என்றால் வந்துகொண்டிருக்கிறான் இல்லை, வந்து இங்கே இருக்கிறான். ஆங்கிலம் வழியாக யோசிக்கும் மூளைக்கு இது பெரிய முடிச்சு. நானும் ஆங்கிலத்தில் படித்ததால் முடிச்சாகவே வாங்கிக்கொண்டேன், இரண்டு வாரம் அவிழ்த்துக்கொண்டும் இருந்தேன். 'கிதே இரு' என்பது 'வந்திருக்கிறான்'. அவ்வளவுதான். செத்திருக்கிறது, கல்யாணம் ஆகியிருக்கிறது, பூத்திருக்கிறது. நாம் தினமும் சொல்வது. (இரண்டு மொழியிலும் அந்தத் துணைவினை 'இரு' என்றே ஒலிப்பது தற்செயல். ஆனால் மறக்க முடியாத தற்செயல்.)

இப்படி ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. பதின்மூன்றாம் பாடத்தில் 'தே மிரு': மிரு என்றால் பார், 'தபேதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். பதினைந்தில் 'தே ஓக்கு': ஓக்கு என்றால் வை, 'கத்தே ஓக்கு' என்றால் வாங்கி வை. பதினெட்டில் 'தே ஷிமவு': 'தபேதே ஷிமத்தா', சாப்பிட்டுவிட்டேன், அல்லது ஐயையோ சாப்பிட்டுத் தொலைத்துட்டேன். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக விளக்கம் தேவைப்படுகிறது, ஏனென்றால் அந்த மொழியில் இந்த ஜன்னலே கிடையாது. நமக்கு வினையெச்சமும் துணைவினையும் மூச்சு மாதிரி. 'யாரும்', 'எதுவும்' என்று கேள்விச் சொல்லோடு உம்மை சேர்ப்பதுபோல அங்கே 'தாரே மோ', 'நானி மோ'. 'என்று' இருக்கும் இடத்தில் 'தொ'. 'எனக்குப் புரியும்' என்று நான்காம் வேற்றுமையில் சொல்வதற்கு 'வதஷி நி வா வகரு'. 'கொரே, சொரே, அரே' என்ற மூன்று சுட்டுகளில் நடுவில் இருப்பது கேட்பவரின் பக்கத்தில் உள்ள பொருளைக் காட்டுவது. இது ஏன் மூன்று என்று தமிழ்நாட்டுக்காரர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அதுவும் வேண்டாம், அவர் வாயில் 'உது' இன்னும் இருக்கிறது.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப்பள்ளி, தன் அதிகாரிகள் ஜப்பானியம் கற்க 88 வாரம், 2200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, ஆகக் கடினமான வரிசையில் அதை வைத்திருக்கிறது. ஜப்பானியம் படிக்கத் தொடங்குகிற எவர் கண்ணிலும் இந்த 2200 படாமல் இருக்காது. முதல் முறை விட்டபோது என் மனதுக்கு ஆறுதல் தந்ததும் இதுதான்: உலகத்திலேயே கஷ்டமான மொழி, நான் விட்டதில் என்ன ஆச்சரியம்! ஆனால் அது ஆங்கிலம் பேசுபவருக்கான கணக்கு. அதே பள்ளி தமிழுக்கு 44 வாரம் போட்டிருக்கிறது. நாம் ஒருநாளும் செலவிடாத 44 வாரம் அது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைச் சொன்னதும் சுசுமு ஓனோவை இழுத்துக்கொண்டு யாராவது வருவார்கள். ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று 1980-களிலிருந்து எழுதிவந்த அறிஞர் அவர். மேடைகளில் நமக்கு அவர் ரொம்பப் பிடித்தமானவர். வரலாற்று மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை, எனக்கும் அது தேவைப்படவில்லை. வினை கடைசியில் வருவதும், எச்சங்கள் அடுக்குவதும் கொரிய மொழியிலும் துருக்கியிலும்கூட உண்டு. இரண்டு வீட்டின் கதவு ஒரே பக்கம் திறக்கிறது என்பதற்காக அவர்கள் பங்காளிகள் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் இருட்டில் கைப்பிடியைத் தேடும்போது அந்த ஒற்றுமை உதவும்.

அடுத்தது ஜேம்ஸ் ஹைஸிக்கின் புத்தகம். கான்ஜி எழுத்துகளைக் கதை கட்டி மனதில் நிறுத்தும் முறை. 1977-இல் முதலில் வந்தது. ஹைஸிக் அடிப்படையில் தத்துவக்காரர், கியோத்தோ தத்துவப் பள்ளி பற்றி முக்கியமான நூல் எழுதியவர். அவருடைய ஆறாம் பதிப்பில் 2200 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கிலச் சொல், எழுத்தின் உறுப்புகளை வைத்து ஒரு கற்பனைக் காட்சி. மனிதன், பக்கத்தில் மரம்: ஓய்வு. எப்படி உச்சரிப்பது என்பது முதல் பாகத்தில் கிடையவே கிடையாது. இதைக் கேலி செய்பவர்கள் நிறையப் பேர். நான் அவர்களோடு சேரமாட்டேன். அவர் முன்னுரையில் கேட்கும் கேள்வி அபாரமானது. சீனாவிலிருந்து வரும் மாணவர் மட்டும் ஏன் வேகமாகப் போகிறார்? அவருக்கு எழுத்தின் பொருள் ஏற்கெனவே தெரியும். அப்படியானால் மற்றவர்களுக்கும் முதலில் பொருளை மட்டும் கொடுப்போம், ஒலி பிறகு வரட்டும். கற்பவரின் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் தொடங்குகிற ஒரே புத்தகம், நான் படித்தவற்றில், இதுதான்.

ஆனால் அவரும் பதிலை ஆங்கிலத்தில்தான் வைத்தார். நான் 600 எழுத்துகள் வரை போனேன். ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் போய், அங்கே டோல்கேட்டில் நின்று, பிறகு அர்த்தத்துக்கு வந்தது. நெருக்கமான பொருளுள்ள எழுத்துகளைப் பிரிக்க அவர் தேர்ந்தெடுத்த சொற்களில் சில எனக்கே அகராதி பார்க்க வேண்டியவை. ஜப்பானியம் படிக்கிறேனா, ஜி.ஆர்.இ. படிக்கிறேனா என்ற சந்தேகம் வந்த இடத்தில்தான் இரண்டாவது முறை விட்டேன். தமிழில் கதை கட்டியிருக்கலாமே என்றால், கட்டியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தால் படிப்பும் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டோமோ தெரியவில்லை.

ஆன்கி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மறக்கப்போகும் நேரம் பார்த்துக் கார்டை நீட்டும் செயலி. பெயருக்கே ஜப்பானியத்தில் மனப்பாடம் என்று பொருள். சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்யும். ஒரு காய்ச்சலில் பதினொரு நாள் திறக்காமல் விட்டேன். திறந்தால் 1,340 கார்டு காத்திருந்தது. கந்துவட்டிக்காரனைத் தெருவில் பார்த்தவன் மாதிரி மூடிவிட்டேன். இப்போது ஒரு நாளைக்கு இருபது கார்டு, அதுவும் நானே படித்த வாக்கியங்களிலிருந்து எடுத்தவை மட்டும். மீதி மறந்தால் மறக்கட்டும். திரும்ப வேறெங்காவது எதிர்ப்படும்.

அந்த வாக்கியங்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் விஷயம். காப்புரிமை முடிந்த ஜப்பானிய நூல்களை 'அவோசோரா புன்கோ' 1997-இலிருந்து இலவசமாக வலையேற்றிவருகிறது. அதில் நீமி நான்கிச்சி எழுதிய 'கோன்கித்சுனே' என்ற சிறுகதையை எடுத்தேன். 1932-இல், பதினெட்டு வயதில் வெளியிட்ட கதை. எழுதியவர் இருபத்தொன்பது வயதில் காசநோயில் இறந்துபோனார். ஜப்பானில் நான்காம் வகுப்புக் குழந்தைகள் பாடப் புத்தகத்தில் இதைப் படிக்கிறார்கள். எனக்கு இரண்டரை மாதம் ஆனது.

கோன் ஒரு குட்டி நரி, தனியாக வாழ்கிறது, ஊருக்குள் வந்து சேட்டை செய்கிறது. ஹியோஜூ என்பவன் ஆற்றில் பிடித்த விலாங்கு மீனை விளையாட்டுக்குத் திருடுகிறது. சில நாள் கழித்து ஹியோஜூவின் அம்மா சாவு ஊர்வலம் போகிறது. சாகுமுன் அந்த மீனைத்தான் கேட்டிருப்பாளோ என்று நரிக்கு உறுத்துகிறது. பிராயச்சித்தமாக மத்தி மீன் திருடி அவன் வீட்டுக்குள் எறிகிறது, அதனால் அவனுக்குத் திருடன் என்று அடி விழுகிறது. பிறகு காட்டிலிருந்து செஸ்ட்நட் கொட்டைகளும் காளானும் தினமும் கொண்டுபோய் ரகசியமாக வைக்கிறது.

கதையின் முதல் வாக்கியம், இது சிறுவயதில் ஊரில் மோஹே என்கிற தாத்தாவிடம் கேட்ட கதை என்று சொல்வது. 'மோஹே தொ இயு': 'தொ' என்பது என்று, 'இயு' என்பது சொல்லுதல், சேர்த்தால் 'என்கிற'. நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழை எழுதிக்கொண்டே வந்தேன். முற்றுப்புள்ளிக்கு வந்தபோது எதையும் இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை, கீழே ஒரு தமிழ் வாக்கியம் இருந்தது. ஆங்கிலத்தில் அதே வாக்கியத்தைப் பெயர்க்கக் கடைசியிலிருந்து பின்னால் நடக்க வேண்டும். இத்தனை மாதம் நான் அப்படித்தான் நடந்திருக்கிறேன், தேவையே இல்லாமல். அன்றைக்கு இரவு சாப்பிட மறந்து இரண்டு பத்தி படித்தேன். ஊக்கம் என்று சொல்கிறார்களே, அது எனக்கு அப்படித்தான் வந்தது. வரவழைக்க முயன்ற நாட்களில் வரவில்லை.

அதற்காகத் தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுத்தது என்று கதை விட மாட்டேன். எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லாத குழி ஒன்று இருந்தது. ஜப்பானியத்தில் எழுவாயை அடிக்கடி விட்டுவிடுவார்கள். நாமும்தான் விடுகிறோம். ஆனால் 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தது' என்று நம் வினை விகுதி காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானிய வினைக்கு விகுதியில் ஆளும் இல்லை, பாலும் இல்லை. 'கித்தா', அவ்வளவுதான். மேரிக்கு அது 'அவன்', 'அவள்' காணாமல்போன கவலை, எனக்கு வினையின் வால் காணாமல்போன கவலை. நரி வந்ததா, ஹியோஜூ வந்தானா என்று தெரியாமல் ஒரு பக்கம் முழுக்கத் தப்பாகப் படித்து, நரியைக் கிணற்றடியில் நிறுத்தி வைத்திருந்தேன்.

அந்தக் குழியை ஜப்பானியர்கள் பல வழிகளில் தாண்டுகிறார்கள். அதில் ஒன்று கொடுக்கிற வினைகள். 'அகேரு' என்றால் நான் பிறருக்கோ, யாரோ இன்னொருவருக்கோ கொடுப்பது. 'குரேரு' என்றால் எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ தருவது. கெங்கியின் பதினான்காம் பாடத்தில் இதை விளக்குகிறார்கள். மூன்று முறை படித்தும் பயிற்சியில் பாதி தப்பு. ஒருநாள் ஏதோ தேடும்போது தொல்காப்பியக் கிளவியாக்கம் கண்ணில் பட்டது. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று அங்கே விதியே இருக்கிறது. எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். நாம் இன்று 'எனக்குக் குடு' என்று இரண்டையும் குழப்பிவிட்டோம். மலையாளிகள் இன்னும் பிரித்துத்தான் பேசுகிறார்கள். இரண்டும் அச்சுப் பிசகாமல் பொருந்தாது. 'உனக்கு' என்றால் தொல்காப்பியர் 'தா' பக்கம், ஜப்பானியர் 'அகேரு' பக்கம். ஆனாலும் குரேருவைத் 'தா' என்று எழுதிய நாளிலிருந்து எனக்குத் தப்பு குறைந்தது. 'கைதே குரேத்தா', எழுதித் தந்தான். தலைகீழாகப் படித்த அம்புக்குறிகளையெல்லாம் கிழித்துப் போட்டேன்.

இந்த வினை இல்லாமல் 'கோன்கித்சுனே'யின் முடிவு முழுசாக விளங்காது. கொட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாத ஹியோஜூ ஒரு ராத்திரி தன் நண்பனிடம் சொல்கிறான், அம்மா போனதிலிருந்து யாரோ தினமும் தனக்குத் தருகிறார்கள் என்று. அவன் பயன்படுத்துவது குரேரு. ஆள் யார் என்று தெரியாது, ஆனால் அந்தத் தருதல் தன்னை நோக்கி வருகிறது என்பது வினைக்குள்ளேயே இருக்கிறது. நண்பன் அது கடவுள் என்கிறான். பின்னால் ஒளிந்து கேட்டுக்கொண்டிருக்கும் நரிக்கு, நான் வைப்பதற்கு நன்றி கடவுளுக்கா என்று மனம் சுணங்குகிறது. மறுநாளும் கொண்டுபோகிறது. வீட்டுக்குள் நுழையும் நரியைப் பார்த்த ஹியோஜூ, மீன் திருடிய அதே நரி என்று துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறான். பக்கத்தில் போனபிறகுதான் தரையில் குவிந்திருக்கும் கொட்டைகளைப் பார்க்கிறான். அப்போது அவன் கேட்கும் கேள்வியில் மறுபடி அதே குரேரு, இந்த முறை இறந்தகாலத்தில். இத்தனை நாள் எழுவாய் இல்லாமல் கிடந்த வினைக்கு எழுவாய் கிடைக்கிற இடம், அது கண்மூடித் தலையாட்டுகிற இடமும்.

நான் அங்கே நிறுத்தி, கொஞ்ச நேரம் நோட்டை மூடி வைத்தேன். இந்தக் கதையை முன்பே ஆங்கிலத்தில் படித்திருந்தேன். அழுகாச்சிக் குழந்தைக் கதை என்று நினைத்திருந்தேன். ஆங்கிலத்தில் 'கொடு'வும் 'தா'வும் ஒரே சொல்.

இப்போது படித்துக்கொண்டிருப்பது நான்கிச்சியின் இன்னொரு நரிக் கதை, குட்டி நரி கையுறை வாங்கப் போகிற கதை. மூன்றாவது பக்கத்தில் நிற்கிறேன். அம்மா நரிக்கு ஊர் விளக்குகளைப் பார்த்ததும் கால் நகரவில்லை என்கிற இடம். அங்கே ஒரு வாக்கியத்தில் யார் யாரைப் பற்றி நினைக்கிறார்கள் என்று இன்னும் பிடிபடவில்லை.